டீ இல்லாத காசு

எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் டோக்கன் கொடுப்பவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜரும் அப்படித்தான். சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. இருநூறு பேர் வேலை செய்கிறோம். நான் கிளாஸ் கழுவுகிறேன். என் தொட்டிக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். பதினோரு வருடமாக அந்தத் தடுப்புக்கு மேலே அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல அதுவே எனக்குத் தகுதி.

டோக்கன் என்பது சிவப்பு பிளாஸ்டிக் வட்டம். நடுவில் ஓட்டை. அக்கா நூறு டோக்கனை ஒரு கம்பியில் கோத்து, முனையை வளைத்து வைப்பாள். மாத முதல் நாள் எத்தனை கம்பி வெளியே போனது என்று சுவரில் கரிக்கோடு போடுவாள். ஒவ்வொரு சாயங்காலமும் திரும்பி வந்தவற்றைக் கோத்து வேறு பக்கம் கோடு போடுவாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேனேஜருக்கு அந்தக் கோடுகள் எதற்கென்றே தெரியாது.

"வெளிய போறதைப் பார்த்து என்ன பண்றது? திரும்பி வர்றதைப் பார்த்தாத்தான் விஷயம் தெரியும்" என்பாள்.

யாரையும் நம்ப மாட்டாள். பால்காரர் ஊற்றும்போது அளவுக் குவளையின் அடியைத் தடவிப் பார்ப்பாள், நசுங்கியிருக்கிறதா என்று. டீ மாஸ்டர் சர்க்கரை டப்பாவை மூடும் சத்தத்தை வைத்தே எத்தனை கரண்டி குறைத்தார் என்று சொல்வாள். "உனக்கு உன் நிழல் மேலயும் சந்தேகம்" என்று மாஸ்டர் சொன்னால், "காலையில ஒரு அளவு, மதியம் ஒரு அளவு காட்டுதே, சந்தேகம் வராதா?" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள்.

அவள் கணவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவனாக இருந்து, மூட்டை சரிந்து இறந்துபோனான். லாரி கம்பெனி கொடுத்த பணமும், அவள் பத்தொன்பது வருடம் சேர்த்ததுமாக வங்கியில் நான்கு லட்சம் இருந்தது. அவள் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருப்பதற்காக வீட்டைப் பிரித்து விற்கிறேன் என்று சொல்லியிருந்தார். அக்காவின் அறைக்கு நான்கு லட்சம். அதற்கு முன்னால் தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட ஒரு சின்ன இடம் உண்டு, அதற்கு இன்னும் ஒரு லட்சம். நாலு மாதம் டைம் கொடுத்திருந்தார்.

அறை அவளுக்குப் படுக்க. முன்பக்கம் அவளுக்கு ஆசை. அங்கே சொந்தமாக ஒரு டீக்கடை போட வேண்டும் என்பதைப் பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதுவும் நான் அதிகம் பேசாதவள், என்னிடம் சொன்னால் வெளியே போகாது என்பதால்.

இந்தக் கதையில் போனில் வாங்குகிற ஒரு காயின் வரும், அதற்கு முன்னால் எங்கள் டோக்கனுக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அக்கா எதை வைத்து யோசித்தாள் என்பது புரியாது.

போன வருடம் எல்லா விலையும் ஏறியது. ஆட்கள் சம்பளம் கூட்டிக் கேட்டார்கள். சம்பளம் கூட்ட முடியாது, ஆளுக்கு மாதம் பதினைந்து டோக்கன் கூடத் தருகிறேன் என்றார் மேனேஜர். அதுவரை ஒரு நாளைக்கு ஒரு டோக்கன்தான். டீ குடிக்காதவர்கள் தங்கள் டோக்கனை கேட் பக்கம் ஐந்து ரூபாய்க்கு விற்பார்கள்.

"இனிமே மூணுக்கு வந்துடும். இத்தனை டோக்கனை யார் வாங்குவா?" என்றாள் அக்கா.

முதல் மாதம் நான்குக்கு வந்தது. பிறகு ஏழானது. அடுத்து ஒன்பது. டோக்கன் கூடக் கூட விலையும் கூடியது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்னது பொய்த்துப்போனது அவளுக்கு ஒரு கவலையில்லை. ஏன் பொய்த்தது என்று தெரியாததுதான் கவலை. நாலு நாள் கேட் பக்கம் போய் நின்று பார்த்தாள். பிறகு தடுப்புக்கு மேலே எட்டி என்னிடம் சொன்னாள்.

"டோக்கன் ஏறலடி. வெளியில கடை டீ பத்துல இருந்து பதினஞ்சு ஆயிடுச்சு. நம்ம டோக்கனுக்கு அன்னைக்கும் ஒரு கிளாஸ், இன்னைக்கும் ஒரு கிளாஸ். பக்கத்துச் சாயப்பட்டறைல கேன்டீன் இல்லை. அவங்க சந்துப் பக்கம் ஜன்னல்ல வந்து நம்ம டீயைக் குடிக்கிறாங்க. அவங்கதான் வாங்குறாங்க."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாதம் எண்பது கம்பி வெளியே போயிருந்தது. திரும்பியது ஐம்பத்தைந்து. மீதி இருபத்தைந்து கம்பி எங்கே?

வீடுகளில் இருந்தது. ஏறுகிற பொருளை யார் விற்பார்கள்? பிஸ்கட் டின்னிலும் தலையணை உறையிலும் டோக்கன் போட்டு வைத்தார்கள். தையல் பிரிவில் ஒருத்தி தன் தங்கையின் கல்யாணத்துக்கென்று சேர்த்தாள். வைத்துக்கொள்ள வைத்துக்கொள்ள கேட்டில் டோக்கன் கிடைப்பது அரிதாகி, விலை இன்னும் ஏறியது. அது ஏறியதால் இன்னும் வைத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஒரே நாள்ல கொண்டு வந்தா?" என்று அக்கா மாஸ்டரிடம் கேட்டாள்.

"எல்லாரும் ஒரே நாள்ல செத்தா யார் தூக்குறது? போய் வேலையைப் பாரு."

எட்டாவது மாதம் கேன்டீனுக்குக் கார்டு மிஷின் வரப்போகிறது, டோக்கன் செல்லாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. மறுநாள் காலை டின்களோடு வரிசை நின்றது. பால் வழக்கமான அளவுதான். முதல் நூறு கிளாஸ் டீயாக இருந்தது, அடுத்த நூறு டீ மாதிரி இருந்தது, அதற்கப்புறம் வெந்நீர். கேட்டில் ஒன்பதுக்கு விற்ற டோக்கனைப் பத்து மணிக்கு ஒரு ரூபாய்க்கும் கேட்க ஆளில்லை. கார்டு மிஷின் கடைசிவரை வரவே இல்லை. அன்று பாதி குடித்து வைத்த கிளாஸ்களைத்தான் நான் மதியம்வரை கழுவினேன். கல்யாணத்துக்குச் சேர்த்தவள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள்.

இதற்கு மூன்று மாதம் கழித்து, வீட்டுக்காரர் நாலு மாதம் டைம் கொடுத்த சமயத்தில், அக்காவின் தம்பி கேன்டீனுக்கு வந்தான். செல்போன் பழுது பார்க்கிறவன். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தான். அந்தக் கடைக்கு முதல் அட்வான்ஸ் அக்கா கொடுத்தது. நல்லவன், அக்கா மேல் உயிர். பொய் சொல்லத் தெரியாது. யாராவது சொன்ன பொய்யை நம்பிச் சொல்வான், அவ்வளவுதான்.

"அக்கா, ஒரு காயின் இருக்கு. போன்லயே வாங்கலாம், கையில பிடிக்க முடியாது. வாங்கி வச்சா வருஷத்துக்கு நூத்துக்கு இருபது காயின் சும்மாவே தர்றாங்க."

"யாருக்கு?"

"வச்சிருக்கிற எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா யாருக்கும் இல்லைன்னு அர்த்தம்."

"அது எப்படி?"

"எங்களுக்கும்தான் பதினஞ்சு டோக்கன் கூடக் கொடுத்தாங்க. பால் கூட வந்துச்சா?"

தம்பி சளைக்கவில்லை. "ஆனா விலை ஏறுச்சா இல்லையா? நீதானே சொன்னே? அதே மாதிரிதான் இதுவும். காயின் கூடுது, விலையும் கூடுது. ரெண்டு மாசத்துல ரெண்டு மடங்கு."

அக்கா டோக்கன் கோப்பதை நிறுத்தினாள். "அது ஏன் ஏறுச்சுன்னு நான் போய் நின்னு பார்த்தேன். இது ஏன் ஏறுதுன்னு நீ சொல்லு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னான். காயினை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும்போதெல்லாம் கொஞ்சம் காயினை அழித்துவிடுகிறார்கள். அது புதிதாக வருவதைச் சரிக்கட்டிவிடும். அதோடு, நிறையப் பேர் தங்கள் காயினைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, தினமும் புது ஆட்கள் வாங்க வருகிறார்கள்.

"நூறு காயினுக்கு வருஷத்துல இருபது புதுசா வருது. அழிக்கிறது எத்தனை?"

போனைத் தடவித் தேடினான். "ஒண்ணு."

"இருபது ஊத்திட்டு ஒண்ணு துடைக்கிறாங்க. சரி. இந்தக் காயினுக்கு டீ எது?"

"என்னது?"

"டோக்கனைக் கொடுத்தா டீ. இதைக் கொடுத்தா என்ன?"

தம்பி நேர்மையாகவே பதில் சொன்னான். சில காயின்கள் இருக்கின்றனவாம். அவை ஓடும் கம்ப்யூட்டர் வலை வழியாகப் பணம் அனுப்ப வேண்டுமென்றாலும் கணக்கு எழுத வேண்டுமென்றாலும் அந்தக் காயினில்தான் கட்டணம் கட்ட வேண்டும். வேலை இருக்கிறவர்கள் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். புதிதாக வருவதைவிட அந்தத் தேவை அதிகமானால் விலை ஏறும்.

"அது நியாயம். சாயப்பட்டறைக்காரன் டீ குடிக்க வர்ற மாதிரி. ஏறுனாலும் இறங்குனாலும் ஒரு காரணம் இருக்கு" என்றாள் அக்கா. "உன் காயினுக்கு?"

"ஒரு கேம் வரப்போகுது. அதுக்குள்ள இந்தக் காயின்தான் செல்லும்."

"வரட்டும். டீ வந்ததும் சொல்லு, டோக்கன் வாங்குறேன்."

அவன் எழுந்து போகும்போது ஒன்று சொன்னான். "முன்பக்கத்துக்கு ஒரு லட்சம் வேணும்லக்கா? நாலையும் போட்டா மூணு மாசத்துல கடையும் உனக்கு."

என்னிடம் மட்டும் சொன்ன ஆசை அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அன்று அவள் கோத்த ஒரு கம்பியில் தொண்ணூற்றெட்டுதான் இருந்தது. அவள் தப்பாகக் கோத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வார முடிவில் அவள் வங்கிப் பணத்தைத் தொடாமல், சம்பளத்திலிருந்து ஐந்தாயிரம் மட்டும் போட்டாள். "கொதிக்குதான்னு விரல் வச்சுப் பார்க்கிறேன்" என்றாள்.

விலை ஏறியது. அவள் வாங்கியதைவிட ஒன்றரை மடங்கு, பிறகு இரண்டு, பிறகு இரண்டே முக்கால். தொழிற்சாலையே தம்பியின் கடைக்குப் போகத் தொடங்கியது. மாஸ்டர் இருபதாயிரம் போட்டார். போட்ட நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

"டோக்கன் அக்கா, இன்னுமா கம்பி கோக்கிறே? உன் தம்பி ஊரையே லட்சாதிபதி ஆக்கிட்டான். நீ அஞ்சாயிரத்தை வச்சு ஊதிட்டு இருக்கே."

"சூடா இருக்கு. ஊதித்தான் குடிக்கணும்."

"இந்த ஊமைகிட்டக் கேளு, அவளே போட்டுருப்பா" என்று என்னைக் காட்டினார். நான் போடவில்லை. போடப் பணமும் இல்லை. ஆனால் அன்று எனக்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வாய்தான் அப்படிப் பேசியது. ஒரு மதியம் அவள் மேஜைக்கு அடியில் வங்கிப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் செக் புத்தகமும் பையில் வந்துவிட்டது. அவள் சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் தன்னையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சோதனைதான்: திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. சனிக்கிழமை சாயங்காலம் தம்பியின் கடைக்குப் போனாள். பக்கத்தில் சோப்பு வாங்கப் போன நானும் கூடப் போனேன்.

"என் அஞ்சாயிரத்துல ஒரு ஆயிரத்துக்கு வித்துக் கொடு."

"ஏறும்போது யாராவது விப்பாங்களாக்கா?"

"நான் விக்கிறேன். வாங்குற ஆள் முகத்தைப் பார்க்கணும்."

"முகமெல்லாம் தெரியாது. அதோட இப்போ முடியாது. பூட்டியிருக்கு, தொண்ணூறு நாள்."

"போடும்போது சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"எல்லாரோடதும் பூட்டா?"

"முக்காவாசிப் பேரோடது. பூட்டினாத்தான் அந்த இருபது கிடைக்கும்."

"அந்த இருபது?"

"அதுவும் பூட்டுக்குள்ளதான் சேரும்."

அக்கா கடைப் பலகையில் விரலால் கோடு இழுத்தாள், சுவரில் இழுப்பது போலவே. "விக்க ஆள் இல்லை. வாங்க மட்டும் ஆள் வருது. புதுசா அச்சடிக்கிறதும் டின்னுக்குள்ளயே போய் விழுது. அதான் ஏறுது." கோட்டின் முனையில் விரலை வைத்தாள். "எப்போ திறப்பாங்க?"

"அடுத்த ஞாயிறு. காலையில பதினோரு மணி."

"உனக்கு மட்டுமா?"

"உனக்கும் எனக்கும், முதல்ல சேர்ந்த எல்லாருக்கும். ஒரே நேரம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த டின் வரிசை எங்கள் இருவர் கண்ணிலும் இருந்தது. தம்பிக்குத் தெரியாது, அவன் அன்று அங்கே இல்லை.

"நீ எவ்வளவு போட்டிருக்கே?"

அவன் சோல்டரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். கடை அட்வான்ஸைத் திரும்ப வாங்கி, வாடகையை உயர்த்திக் கொடுப்பதாகச் சொல்லிக் கடையை வைத்துக்கொண்டிருக்கிறான். மனைவியின் சங்கிலியும் போயிருக்கிறது. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம்.

"பதினோரு மணிக்கு முதல் ஆளா நீ வித்துடணும்" என்றாள்.

"பார்க்கலாம்க்கா."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். தோளில் பை. "நீ சும்மா வந்து பக்கத்துல உட்காரு. நான் தடுமாறுனா கையைப் பிடிச்சுக்கோ."

கடையில் நாங்கள் மூவர்தான். மற்றவர்கள் வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு விலை மூன்று மடங்கு. தம்பி குளித்து, புதுச் சட்டை போட்டிருந்தான். பதினொன்று ஆனதும் அக்கா, "என்னுதை வித்துடு" என்றாள். அவன் அழுத்தினான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றபோது அவளுக்குப் பதினோராயிரம் வந்திருந்தது. மூன்று மடங்கென்றால் பதினைந்து வந்திருக்க வேண்டும்.

"நாலாயிரம் எங்கே?"

"இறங்கிடுச்சு. இப்போதான், இந்த நிமிஷம்."

"உன்னுதை வில்லு."

"இது சும்மா ஒரு குலுக்கல். பயந்தவங்க வெளிய போவாங்க, அப்புறம் ஏறும்."

"வில்லுடா."

"கீழ போகும்போது யாராவது விப்பாங்களா?"

"ஏறும்போதும் விக்கக் கூடாது, இறங்கும்போதும் விக்கக் கூடாது. அப்போ எப்போதான்டா விக்கிறது?"

திரையில் சிவப்புக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கியது. மாஸ்டர் போன் செய்தார். தம்பி எடுக்கவில்லை, மறுபடி அடித்தார், அதையும் எடுக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு விலை அவன் வாங்கிய விலைக்கும் கீழே, பாதிக்கு வந்தது. அவன் விற்க அழுத்தினான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது. ஆனால் குரலில் நம்பிக்கை மிச்சமிருந்தது.

"அக்கா, இதான் வாங்குற நேரம். இந்த விலை திரும்பக் கிடைக்காது. நீ ரெண்டு லட்சம் போட்டா என்னுதும் மேல வந்துடும், உனக்கும் கடை வந்துடும். செக் எழுதிக் கொடு, மாத்தித் தர நண்பன் இருக்கான். நாலு நாள் போதும்."

அவன் ஏமாற்றவில்லை. அதை முழுக்க நம்பித்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது. அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அது பையின் ஜிப்புக்குப் போனது. ஜிப் பாதி திறந்தது.

நான் கையைப் பிடித்தேன். அவள் எழுந்தாள்.

தெருவில் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலுக்குள் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் அவள் அறை. அவள் நேராகப் போனாள், வீட்டுக்காரர் இருக்கும் மாடிக்கு.

"நாளைக்குக் காலையில அவன் வந்து அழுவான்" என்றாள். "அழுதா நான் கொடுத்துடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதுக்குள்ள இது என் கையை விட்டுப் போயிடணும்."

வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ஞாயிற்றுக்கிழமை அதுவுமா? இன்னும் ஒரு மாசம் டைம் இருக்கே."

"இல்லைண்ணே. இப்போவே முடிச்சுக்கலாம்."

"முன்பக்கம்?"

"அறை மட்டும்."

"நல்ல இடம்மா. கடை போட்டா ஓடும்."

"தெரியும்ண்ணே. அறை மட்டும் போதும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து காகிதம் எழுதினார். அக்கா நான்கு லட்சத்துக்குச் செக் எழுதினாள். சாட்சிக்கு என்னைப் போடச் சொன்னார்கள். ஏழாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

சொன்னபடியே மறுநாள் தம்பி வந்தான், கேன்டீனுக்கே. தடுப்புக்கு மேலே அவன் தலையும் தெரிந்தது.

"அக்கா..."

"வீடு வாங்கிட்டேன்டா. நேத்தே."

கோபப்படுவான் என்று நினைத்தேன். "நேத்தேவா?" என்று மட்டும் கேட்டான். "நேத்தேதான்" என்றாள். அவள் ஏன் அவசரப்பட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது. ஒரு டோக்கனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மாஸ்டர் டீ கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

அந்தப் பதினோராயிரத்தை அவள் செலவழிக்கவில்லை. பல நாள் மேஜையில் உறையோடு கிடந்தது. ஒருநாள் என்னிடம் கேட்டாள். "அந்த நிமிஷம் நான் வித்ததை எவனோ ஒருத்தன் வாங்கினான்ல? அவன் யாரா இருக்கும்?" எனக்கு மாஸ்டர் ஞாபகம் வந்தது. இறங்குகிறதே என்று அன்று காலை இன்னும் ஐயாயிரத்துக்கு வாங்கினேன் என்று அவரே சொல்லியிருந்தார். அக்காவுக்கும் அது தெரியும். கடைசியில் அந்த உறையைத் தம்பியின் மனைவியிடம் கொடுத்துவிட்டாள், சங்கிலிக்கு ஆரம்பமாக.

தம்பி கடையைக் காலி செய்ய வேண்டி வந்தது. இப்போது அக்கா அறையின் ஜன்னலோரம் மேஜை போட்டுப் போன் பழுது பார்க்கிறான். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். முன்பக்கத்தை வேறொருவர் வாங்கி ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறார். அவர் ஷட்டர் தூக்கும் சத்தத்தில்தான் அக்கா தினமும் எழுந்திருக்கிறாள்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். தம்பி மேஜையிலிருந்து திரும்பி, "அக்கா, அந்தக் காயின் மறுபடி கொஞ்சம் ஏறுது" என்றான்.

அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள். "டீ வந்துடுச்சா?"

"இன்னும் இல்லை."

"சரி, அந்த ஸ்க்ரூவை ஒழுங்கா முடுக்கு. போன்காரர் அஞ்சு மணிக்கு வந்துடுவார்."